வாயை மூடிக்கொண்டு பாட்டு சொல்லித் தருவது எப்படி

ஜூன் 12

அன்புள்ள சிட்டுக்கு,

பீப்பி அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? கழுத்தில் கட்டி எடுத்த இடம் நன்றாக ஆறிவிட்டதா?

உன்னை மூன்று முறை போனில் கூப்பிட்டேன். மூன்று முறையும் மாப்பிள்ளைதான் எடுத்தார். ஒரு முறை நீ குளிக்கிறாய், ஒரு முறை கடைக்குப் போயிருக்கிறாய், ஒரு முறை தூங்குகிறாய். அப்புறம் உன்னிடமிருந்து ஒரு வரி வந்தது: "போன்ல சொன்னா மறந்துடுவே, விவரமா கடிதம் எழுது, நானும் எழுதறேன்." அதுவும் நியாயம்தான். நீ வாயால் சொன்ன எதை நான் இதுவரை காதில் வாங்கியிருக்கிறேன்?

விஷயம் இதுதான். உன் அண்ணன் வாத்தியார் ஆகிவிட்டான். சிரிக்காதே. ஓட்டலில் எங்கள் பேண்டை நிறுத்திவிட்டு ஒரு ஸ்பீக்கர் பெட்டியை வைத்துவிட்டார்கள். அது லீவும் கேட்காது, சாப்பாடும் கேட்காது. இருபத்தைந்து வருடம் கிளாரினெட் ஊதிய வாய் சும்மா இருக்குமா? வீட்டில் உட்கார்ந்து உன் அண்ணியின் சமையலுக்குக் குறை சொல்ல ஆரம்பித்தது. அவள் பொறுத்துப் பார்த்துவிட்டு, தன் மருந்துக்கடைக்கு வருகிற ஒரு தலைமையாசிரியையிடம் என்னைத் தள்ளிவிட்டாள். ஒரு வருடம் பார்ப்பார்களாம், சரிப்பட்டு வந்தால் வைத்துக்கொள்வார்களாம்.

ஆறாம் வகுப்பு. சோதனைக்கூடத்துக்குப் பக்கத்து அறை. எனக்கும் அந்தப் பக்கம் இருக்கிற கணக்கு டீச்சருக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். நான் உள்ளே போனதும் பிள்ளைகள் போட்ட கூச்சலில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நானும் பதிலுக்குக் கத்தினேன். தொண்டைத் தண்ணி வற்றக் கத்திவிட்டு ஒரு பாட்டைப் பாடிக் காட்டினேன். பாதிப் பேர் கூடவே கத்தினார்கள், மீதிப் பேர் மேஜையைத் தட்டினார்கள். கணக்கு டீச்சர் வாசலில் வந்து நின்று, "சார், நீங்க பாட்டு சொல்லித் தர்றீங்களா, இல்ல சண்டை போடுறீங்களா?" என்று கேட்டார்.

ஊதத் தெரிந்தவனுக்குச் சொல்லித் தரவும் தெரியும் என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இத்தனை வருடமாக இசைப்பள்ளியில் எப்படித்தான் குப்பை கொட்டுகிறாய்? உடனே எழுது.

உன் குரல் கேட்கக் காத்திருக்கும் (சரி, கையெழுத்து),
பீப்பி அண்ணன்

*

ஜூன் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

சிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நலம். அண்ணிக்கு என் அன்பு. தழும்பு நன்றாக மங்கிவிட்டது, காலர் வைத்த சட்டை போட்டால் தெரியவே தெரியாது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உங்கள் மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். பஸ் டிப்போவில் கூட வேலை செய்கிற எல்லோருக்கும் சொல்லிவிட்டாராம்.

முதல் விஷயம், கத்தாதே. நீ கத்தினால் பிள்ளைகள் கத்தலைத்தான் படிப்பார்கள். உள்ளே போனதும் ஒரு வார்த்தை பேசாதே. நடுவில் போய் நின்று ஒரு தாளத்தைக் கைதட்டு. யாராவது நாலு பேர் திருப்பித் தட்டுவார்கள். அந்த நாலு பேரை மட்டும் பார்த்து அடுத்த தாளத்தைத் தட்டு. மற்றவர்களுக்கு என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருப்புக் கொள்ளாது. எல்லோரும் சேர்ந்ததும் தட்டுவதை மெதுவாக்கு. பிறகு விரல் நுனியால் மட்டும் தட்டு. சத்தம் தானாக இறங்கும். அறை அமைதியானதும் அதிலேயே பாட்டைத் தொடங்கு. அந்த அமைதியை "குட் மார்னிங்" சொல்லி வீணாக்காதே.

இரண்டாவது, அவர்களோடு சேர்ந்து நீ பாடாதே. நீ பாடினால் உன் சத்தம்தான் உன் காதில் விழும். அவர்கள் என்ன பாடுகிறார்கள் என்று உனக்கு எப்படித் தெரியும்? பாட்டு வாத்தியாருக்கு முக்கியமான உறுப்பு காதுதான்.

பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு அரைவட்டமாக உட்கார வை. கடைசி வரிசை என்று ஒன்று இருந்தால்தானே அங்கே கலாட்டா நடக்கும்?

செய்து பார்த்து எழுது.

அன்புடன்,
சிட்டு

*

ஜூலை 5

அன்புள்ள சிட்டுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் அண்ணிக்கு முழங்கால் வலி மட்டும் விட்டு விட்டு வருகிறது. அங்கே மழை உண்டா?

அம்மா தாயே, நீ மந்திரவாதி. பேசாமல் போய் நின்று தட்டினேன். முதலில் ஒரு பையன் "சாருக்கு என்னாச்சுடா?" என்றான். ஆனாலும் தட்டினான். விரல் நுனிக்கு வந்தபோது மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. கணக்கு டீச்சர் பயந்துபோய் எட்டிப் பார்த்தார். "எல்லாரும் எங்க சார் போயிட்டாங்க?" என்கிறார்.

இப்போது வேறு தலைவலி. நான் ஒரு வரி பாடிக் காட்டினால் பிள்ளைகள் அதை அடித்தொண்டையில் உறுமுகிறார்கள். கிணற்றுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது.

இன்னொன்று. வகுப்பில் ஒரு பெண். கனத்த குரல். எல்லோரும் 'லாரி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ரொம்ப ஒழுங்காக வாயை அசைக்கிறாள், ஆனால் ஒரு சத்தமும் வரவில்லை. பக்கத்தில் போய்க் கேட்டேன்.

"ஏம்மா, பாடலையா?"

"பழைய மிஸ் வாயை மட்டும் அசைக்கச் சொன்னாங்க சார்."

"எதுக்கு?"

"நான் பாடினா பாட்டு கெட்டுப்போயிடுமாம்."

சொல்லும்போது அவள் முகத்தில் வருத்தம்கூட இல்லை. கண்ணாடி போடச் சொன்னார்கள் என்பதைப் போலச் சொல்கிறாள். அவளை என்ன செய்வது?

பதிலை எதிர்பார்க்கும்,
பீப்பி அண்ணன்

*

ஜூலை 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். அண்ணியைப் படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்து ஏறச் சொல்.

உன் குரல் ஆண்குரல். பிள்ளைகள் உன்னைக் காப்பியடிக்கப் பார்த்து அடித்தொண்டைக்குப் போகிறார்கள். அதனால் நீ பாடிக் காட்டவே வேண்டாம். உன்னிடம் கிளாரினெட் இருக்கிறதே, அதை எடு. அவர்கள் குரலுக்குத் தோதான உயரத்தில் அந்த வரியை வாசி. கேட்டதைத் திருப்பிப் பாடட்டும்.

அதோடு கையைப் பயன்படுத்து. சுருதி இடுப்பு உயரம் என்று வைத்துக்கொள். ஸ்வரம் ஏற ஏறக் கையை ஏற்று. மேல் சுருதி வரும்போது கை நெற்றிக்கு வரட்டும். ஒரு வாரத்தில் உன் கையைப் பார்த்தே பாடுவார்கள், நீ வாயே திறக்க வேண்டாம்.

அந்தப் பெண்ணைப் பற்றி. 'சுருதி சேரவில்லை' என்று யாரைச் சொல்கிறோமோ, அவர்களில் பலர் ஏதோ ஒரு சுருதியில் நிலையாக நிற்கிறவர்கள்தான். அது நம்முடையதாக இல்லை, அவ்வளவுதான். அவளைத் தனியாகக் கூப்பிடாதே, பயந்துவிடுவாள். இரண்டு தோழிகளோடு கூப்பிடு. "உனக்கு எது சுலபமோ அந்தச் சத்தத்தை நீட்டு" என்று சொல். அவள் நீட்டுகிற ஸ்வரத்தை நீ கிளாரினெட்டில் தேடிப் பிடி. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு வாத்தியம் அவளோடு ஒத்துப் போகும். அது எப்படி இருக்கும் என்று அவள் உடம்புக்குத் தெரிய வேண்டும். அதற்குப் பிறகு அரைப் படி மேலே போ, வருவாள். அவசரப்படாதே.

வாயை மட்டும் அசைக்கச் சொல்வதைவிடப் பெரிய பாவம் நம் தொழிலில் கிடையாது.

அன்புடன்,
சிட்டு

*

ஆகஸ்ட் 10

அன்புள்ள சிட்டுக்கு,

நலம், நலமறிய ஆவல். மாப்பிள்ளைக்குப் பதவி உயர்வு வந்ததா?

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. லாரி பாடிவிட்டாள்!

நீ சொன்னபடியே இரண்டு தோழிகளோடு வரச் சொன்னேன். சத்தத்தை நீட்டச் சொன்னால் தரையைப் பார்க்கிறாள். "லாரி ஹாரன் அடி பாப்போம்" என்றேன். சிரித்துவிட்டு "ம்ம்ம்" என்று ஒரு சத்தம் கொடுத்தாள். சிட்டு, தூண் மாதிரி நிற்கிறது! ஆடவில்லை, அசையவில்லை. நான் தேடிப் பிடித்து அதே ஸ்வரத்தை ஊதினேன். அவள் கண் பெரிதாகிவிட்டது. "சார், ரெண்டும் ஒண்ணாயிடுச்சு" என்றாள்.

அப்புறம் எனக்கே ஒரு யோசனை வந்தது. அவளை மேலே இழுத்து வரும் வரைக்கும் மொத்த வகுப்பையும் அவள் இடத்துக்குக் கொண்டுபோனால் என்ன? பாட்டின் தொடக்கத்தை அவளுடைய ஸ்வரத்துக்கு இறக்கினேன். பிள்ளைகளிடம் "இந்த வாரம் நம்ம சுருதிப்பெட்டி இவதான்" என்றேன். முன்பு முகத்தைச் சுளித்த பையன்கள் இப்போது வகுப்புக்கு வந்ததும் அவளிடம்தான் போய் "ஹாரன் அடி" என்கிறார்கள். அவள் இதுவரை ஏறின படி இரண்டு, இன்னும் நாலு பாக்கி. ஆனால் அவள் வாயை மட்டும் அசைப்பது நின்றுவிட்டது.

ஒரு உதவி. இப்போது மழைப் பாட்டு ஒன்று சொல்லித் தருகிறேன், அதை நீ ஒரு முறை பாடிப் பதிவுசெய்து அனுப்பேன். என் பிள்ளைகள் உன் குரலைக் கேட்கட்டும். இத்தனையும் சொல்லிக்கொடுத்தது யார் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா? ஒரே ஒரு முறை, போதும்.

பெருமையில் தலை கால் புரியாத,
பீப்பி அண்ணன்

*

செப்டம்பர் 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். வேலை அதிகம். உங்கள் மாப்பிள்ளைக்குப் பதவி உயர்வு வந்துவிட்டது.

லாரியின் இடத்துக்கு வகுப்பைக் கொண்டுபோனாயே, அது எனக்குத் தோன்றாத யோசனை. இத்தனை வருடத்தில் நான் அப்படிச் செய்ததில்லை.

பதிவு எதற்கு? பிள்ளைகள் என்னைக் காப்பியடிப்பார்கள். வேண்டாம்.

ஒரு பாட்டில் ஒரு இடம் தடுக்கினால் முதலிலிருந்து பாட வைக்காதே. தெரிந்ததைப் பத்து முறை பாடிவிட்டுத் தெரியாததை ஒரு முறை பாடுவார்கள். தடுக்குகிற இடத்தை மட்டும் எடு, மெதுவாக, சின்னதாக. வகுப்பு முடியும்போது அவர்களுக்கு நன்றாக வருகிற ஒன்றைப் பாட வைத்து அனுப்பு.

அன்புடன்,
சிட்டு

*

அக்டோபர் 4

சிட்டு,

நலம் விசாரிக்கப் போவதில்லை. அதைத்தான் ஜூன் மாதத்திலிருந்து விசாரித்துக்கொண்டிருக்கிறேனே, நீயும் 'நலம், நலம்' என்று எழுதிக்கொண்டிருக்கிறாயே.

உன் கடிதம் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. இசைப்பள்ளிக்கே போன் பண்ணிவிட்டேன். பாட்டு டீச்சரைக் கூப்பிடுங்கள், அவங்க அண்ணன் பேசறேன் என்றேன். ஒரு பெண் சொன்னாள்: "அவங்க இப்போ வகுப்பு எடுக்கறதில்லையே சார். சேர்க்கை மேஜையில உக்காந்திருக்காங்க. அவங்களால போன்ல பேச முடியாது சார், உங்களுக்குத் தெரியாதா?"

உங்களுக்குத் தெரியாதா என்கிறாள். யாரோ ஒருத்தி என்னைப் பார்த்து.

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எல்லாம் எடுத்துப் பரப்பிவைத்துப் படித்தேன். கைதட்டு, கையை ஏற்று, கிளாரினெட்டில் வாசி, காது முக்கியம். ஒரு இடத்தில்கூட 'இப்படிப் பாடிக் காட்டு' என்று நீ எழுதவில்லை. நான் ஒரு முட்டாள். ஊருக்கெல்லாம் காதைப் பற்றிப் பாடம் எடுக்கிறேன்.

நீ வரச் சொல்லாமல் வர மாட்டேன். ஆனால் எழுது. உள்ளதை எழுது.

அண்ணன்

*

நவம்பர் 1

அன்புள்ள அண்ணாவுக்கு,

உள்ளதை எழுதுகிறேன். கட்டியை எடுத்தபோது குரலுக்குப் போகிற நரம்பு அடிபட்டுவிட்டது. டாக்டர் மேல் குறை இல்லை, இப்படியும் நடக்கலாம் என்று முதலிலேயே சொன்னார். நான்தான் அது வேறு யாருக்கோ நடப்பது என்று நினைத்தேன். கண் விழித்ததும் தண்ணீர் கேட்டேன். நர்ஸ் குனிந்து "என்னம்மா?" என்றாள். மறுபடி கேட்டேன். வெறும் காற்றுதான் வந்தது.

திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்கிறார்கள். பயிற்சி செய்கிறேன். இப்போது கீழே நாலைந்து ஸ்வரம் கரகரவென்று வருகிறது. அதற்கு மேலே ஒன்றும் இல்லை. பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும்.

பள்ளியில் என்னைத் துரத்தவில்லை. எங்கள் தலைவி நல்லவர். "ஓய்வு எடுங்க, சேர்க்கை மேஜையைப் பாத்துக்குங்க" என்றார். அந்த மேஜை என் பழைய வகுப்பறைக்கு நேர் கீழே இருக்கிறது. என் பிள்ளைகள் பாடுவது கேட்கும். புது வாத்தியார் நல்ல பாடகர். அவர்களோடு சேர்ந்து அவரும் முழுக்குரலில் பாடுகிறார். இரண்டாவது வரியில் தினமும் அதே இடத்தில் பிசகுகிறார்கள், அவருக்குக் கேட்பதில்லை. கீழே எனக்குக் கேட்கிறது. கை தானாக மேஜைக்கு மேலே ஏறி இறங்கும். சேர்க்கைக்கு வந்தவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

உனக்கு எழுதிய யோசனைகளில் பாதி அந்த மேஜையில் பிறந்தவை. குரல் இருந்தபோது எனக்கு அவை தேவைப்படவில்லை. பாடிக் காட்டுவேன், பிள்ளைகள் பாடுவார்கள், அவ்வளவுதான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால் நீ புது வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்திருப்பாய். அது பாதிதான் உண்மை. உனக்கு எழுதுகிற நேரத்தில் மட்டும் நான் பாட்டு டீச்சராக இருந்தேன். அதை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

வருஷக் கடைசியில் நிரந்தரமாக அலுவலக வேலைக்கு மாறிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். சம்மதம் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன்.

அண்ணியிடம் நீயே பக்குவமாகச் சொல்.

சிட்டு

*

நவம்பர் 8

அன்புள்ள சிட்டுக்கு,

அண்ணியிடம் பக்குவமாகச் சொல்லப் போய் நான் அழ, அவள் என்னைத் தேற்ற, ஒரு வழியாக முடிந்தது. உன் மேல் அவளுக்குப் பயங்கரக் கோபம். எனக்கும்தான். அதை நேரில் பேசிக்கொள்வோம்.

இப்போது வேலை விஷயம். ஒன்று சொல்கிறேன், கேள். ஆறாம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள் பாடுகிறார்கள். சொல்லிக் கொடுத்தது யார்? நானா? நான் ஊதுகிறவன். நீ ரயிலில் ஒரு பகல் தூரத்தில் உட்கார்ந்து, ஒரு ஸ்வரம்கூடப் பாடாமல், காகிதத்தில் எழுதியே அவர்களைப் பாட வைத்திருக்கிறாய். காகிதத்தாலேயே முடிந்தால், நீ நேரில் போய் அறைக்குள் நின்றால் என்ன ஆகும்?

யாருக்கும் எந்தச் சம்மதமும் சொல்லாதே. டிசம்பரில் நாலு நாள் லீவு போட்டுவிட்டு வா. என் வகுப்பை நீ எடு. ஆறுதலுக்காகக் கூப்பிடவில்லை. மழைப் பாட்டின் மூன்றாவது வரியில் பிள்ளைகள் வழுக்கி விழுகிறார்கள், என்னால் நிமிர்த்த முடியவில்லை. தலைமையாசிரியையிடம் பேசிவிட்டேன். "என் தங்கச்சி வர்றா, என்னைவிடப் பெரிய ஆள்" என்றேன். "உங்களைவிடப் பெரிய ஆள் கிடைக்கறது கஷ்டமில்ல சார்" என்றார்.

டிக்கெட்டுக்கு மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். வாயைத் திறந்து மறுக்க உன்னால் முடியாது என்பது எனக்கு ஒரு வசதி.

உன்னை அழைத்துப் போக ஸ்டேஷனில் நிற்கப்போகும்,
அண்ணன்

*

டிசம்பர் 19

அன்புள்ள சிட்டுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? அண்ணி கொடுத்தனுப்பிய முட்டிப் பட்டை அவளுடையதாம், உன் கழுத்துக்கு வாங்கிய கம்பளிப் பட்டை இங்கேயே கிடக்கிறது. மாற்றிக் கட்டிக்கொள்ளாதே, திருப்பி அனுப்பு.

முன்னால் நின்றவளுக்கு வகுப்பு எப்படி இருந்தது என்று தெரியாது. பின்னால் உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன்.

நீ உள்ளே வந்ததும் அவர்கள் கூச்சல் போட்டார்கள். நீ ஏதோ சொன்னாய். ஒருத்தருக்கும் கேட்கவில்லை. எனக்கு எழுந்து வந்து அதட்டலாம் போல இருந்தது, பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டேன். நீ மறுபடியும் சொன்னாய், சத்தத்தைக் கொஞ்சமும் கூட்டாமல். முன்னால் இருந்த பிள்ளைகள் பின்னால் திரும்பி "உஷ்ஷ், மிஸ் என்னமோ சொல்றாங்க" என்றார்கள். நான் ஆறு மாதமாக விரல் நுனியில் தட்டிக் கொண்டுவருகிற அமைதி உனக்கு ஒரே மூச்சில் கிடைத்துவிட்டது.

அப்போதுதான் லாரி எழுந்து பட்டென்று கேட்டாள்.

"மிஸ், உங்களுக்குக் குரல் இல்லையா?"

எனக்கு உயிரே போய்விட்டது. நீ அவள் பக்கத்தில் போய்ச் சொன்னதை அவள் எல்லோருக்கும் உரக்கச் சொன்னாள்: "இல்லையாம்! அதனால நம்ம குரலைக் கடன் கேக்கறாங்க!"

அதற்குப் பிறகு அவர்கள் பாடினது என்னிடம் பாடுகிற மாதிரி இல்லை. என் பிள்ளைகள் என் கிளாரினெட்டைத்தான் கேட்பார்கள். அன்றைக்கு உன் கையையே பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் கேட்டார்கள். மூன்றாவது வரியில் வழுக்கினபோது நீ திருத்தவில்லை. கையை அப்படியே அந்தரத்தில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தாய். நானாக இருந்தால் ஊதியிருப்பேன். அவர்களே முணுமுணுத்து, சண்டை போட்டு, இடத்தைக் கண்டுபிடித்தார்கள். இன்றைக்கு வரைக்கும் அந்த வரி வழுக்கவில்லை.

கணக்கு டீச்சர் தடுப்புக்கு அந்தப் பக்கம் பாடத்தை நிறுத்திவிட்டுக் கேட்டாராம். "உங்க தங்கச்சி ரொம்ப அமைதி, உங்க குடும்பம்தானா?" என்றார்.

ஊருக்குப் போனதும் வகுப்பைத் திரும்பத் தரச் சொல்லி உங்கள் தலைவியிடம் கேட்கிறேன் என்றாய். கேள். மேஜையில் உட்கார்ந்துகொண்டு கேட்காதே, எழுந்து நின்று கேள்.

அன்புடன்,
அண்ணன்

*

பிப்ரவரி 16

அன்புள்ள சிட்டுக்கு,

நாங்கள் நலம். முட்டிப் பட்டை வந்து சேர்ந்தது, அதோடு ஒரு வரி எழுதக் கூடாதா?

எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. தலைமையாசிரியை கூப்பிட்டு, "சார், முதல்ல உங்களை அனுப்பிடலாம்னுதான் இருந்தேன்" என்றார். "நானா இருந்தாலும் அனுப்பியிருப்பேன் மேடம்" என்றேன். அடுத்த வருடம் ஏழாம் வகுப்பும் எனக்குத்தான். அங்கே பையன்களுக்குக் குரல் உடைகிற வயது, அதற்கு இப்போதே யோசனை எழுதி அனுப்பு.

உங்கள் தலைவி என்ன சொன்னார்? மாப்பிள்ளையைக் கேட்டால் "அவளே எழுதுவா" என்கிறார். இந்த மனுஷனிடமிருந்து ஒரு விஷயம் கறக்க முடிகிறதா?

இருப்புக் கொள்ளாத,
பீப்பி அண்ணன்

*

ஏப்ரல் 23

அன்புள்ள பீப்பி அண்ணாவுக்கு,

சிட்டு எழுதுவது. இங்கே நலம். இந்த முறை நம்பலாம். சொல்வதற்கு ஏதாவது இருக்கும்போது எழுதலாம் என்றுதான் இத்தனை நாள் இருந்தேன்.

ஜனவரியில் தலைவியிடம் எழுந்து நின்றுதான் கேட்டேன். "பாட்டு வகுப்புல பாடிக் காட்டாம எப்படிம்மா?" என்றார். ஒரு வகுப்பு எடுக்கிறேன், உட்கார்ந்து பாருங்கள் என்றேன். புதிதாகச் சேர்ந்த சின்னப் பிள்ளைகளைக் கொடுத்தார்கள். தலைவியும் புது வாத்தியாரும் பின்னால் உட்கார்ந்தார்கள்.

நன்றாகத்தான் போயிற்று. ஒரு இடத்தில் பிள்ளைகள் இறங்க வேண்டிய ஸ்வரத்துக்கு ஏறிவிட்டார்கள். நான் கையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். நேரம் போகிறது, பிள்ளைகள் முழிக்கிறார்கள். தலைவிக்குப் பொறுக்கவில்லை. பின்னாலிருந்து அந்த வரியைத் தானே பாடத் தொடங்கிவிட்டார். என்ன தைரியத்தில் செய்தேனோ தெரியாது, நேராக அவரைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தேன். எங்கள் தலைவிக்கு, அண்ணா! அவர் பாதி வரியில் நிறுத்தினார். புது வாத்தியார் முகத்தில் ஈ ஆடவில்லை. அந்த அமைதியில் ஒரு சின்ன வாண்டு, "கீழ போணும்" என்று சொல்லிவிட்டுத் தானே பாடிக் காட்டியது. மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

வகுப்பு முடிந்ததும் தலைவி சொன்னார்: "என்னை யாரும் இப்படி வாயை மூடச் சொன்னதில்ல." அப்புறம் சிரித்தார். சின்னப் பிள்ளைகள் வகுப்பு இனி என்னுடையது. என் பழைய பிள்ளைகளையும் தாருங்கள் என்று கேட்டேன், அவர்கள் புது வாத்தியாரிடமே இருக்கட்டும் என்றார். அதில் எனக்கு வருத்தம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வாத்தியார் வாரம் ஒரு முறை என் வகுப்பில் வந்து உட்காருகிறார். இப்போது இரண்டாவது வரியில் அவர் பாடுவதை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்.

டாக்டர் இனிமேல் பெரிய மாற்றம் வராது என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு அழுதேன். அடுத்த நாள் வகுப்பு இருந்தது, போனேன்.

உன் ஏழாம் வகுப்புப் பையன்களுக்கு: குரல் உடைவதை யாரும் கேலி செய்ய விடாதே. யாருக்கு எந்த ஸ்வரம் மிச்சமிருக்கிறது என்று வாரா வாரம் கேட்டுக்கொள், அதற்குள் அவர்களுக்கென்று ஒரு வரியை நீயே கட்டிக் கொடு. மூன்று ஸ்வரம் இருந்தால் மூன்று ஸ்வரத்தில் பாட்டு.

நேற்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். வகுப்பு விட்டு வெளியே வந்தேன். ஒரு அம்மா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். ஆறு வயசு, முன்பல் இல்லை.

"மிஸ், தப்பா நினைக்காதீங்க. உங்களுக்குக் குரல் போயிடுச்சுன்னு மத்தவங்க சொன்னாங்க. ஆனா இவ வீட்ல வந்து, எங்க மிஸ் ரொம்ப நல்லா பாடுவாங்கன்னு சொல்லிக்கிட்டே இருக்கா. நீ எப்படிக் கேட்டேன்னு கேட்டா, தினமும் கேக்கறேங்கறா. நீங்க பாடுவீங்களா மிஸ்?"

அந்தப் பொடிசு, இது என்ன கேள்வி என்பது போலத் தன் அம்மாவை நிமிர்ந்து பார்த்தது.

நான் "ஆமாம்" என்று சொன்னேன்.

அன்புடன்,
உன் தங்கை சிட்டு